ஆர்கிடெக்ட் ஆகவே விரும்பாதவர் சண்டிகரை வடிவமைத்தது எப்படி? லெ கார்பூசியேவை மாற்றிய ஒரு மடாலயத்தின் கதை

ஏன் ஆர்கிடெக்சர் படிக்க ஆசைப்படுகிறாய்? உன்னைப் பாதித்த கட்டடம் எது? பி.ஆர்க் சேர நினைக்கும் மாணவர்கள் ஒருமுறையாவது எதிர்கொள்ளும் கேள்விகள் இவை.

இதே கேள்விகளை சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு, சுவிட்சர்லாந்தின் ஒரு மலை நகரத்தில் இருந்த இளைஞர் ஒருவரிடம் கேட்டிருந்தால், முதல் கேள்விக்கே பதில் வந்திருக்காது. காரணம், அவருக்கு ஆர்கிடெக்சர் மீது ஆசையே இல்லை. ஓவியர் ஆக வேண்டும் என்பதுதான் கனவு.

அந்த இளைஞர்தான் பின்னாளில் இந்தியாவின் சண்டிகர் நகரத்தை வடிவமைத்தார். அவர் உருவாக்கியவற்றில் 7 நாடுகளில் உள்ள 17 படைப்புகளை 2016-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்தனைக்கும் அவர் எந்த ஆர்கிடெக்சர் கல்லூரியிலும் படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை.

வேண்டாம் என்று சொன்னவருக்கு ஆசை வந்தது எப்படி? அதற்குக் காரணமான கட்டடம் எது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த லெ கார்பூசியே?

இயற்பெயர் ஷார்ல் எடுவார் ஜானரே. 1887 அக்டோபர் 6-ம் தேதி சுவிட்சர்லாந்தின் லா ஷோ தெ ஃபோன் என்ற ஊரில் பிறந்தார். இந்திய நாளிதழ்களில் லீ கார்பூசியர் என்றும் இவர் பெயரை எழுதுவது உண்டு.

ஜூரா மலைப்பகுதியில் இருக்கும் அந்த ஊருக்கு ஒரே அடையாளம் கடிகாரம். ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் கடிகாரத் தொழில்தான் சோறு போட்டது. 1794-ல் பெரும் தீ விபத்தில் எரிந்துபோன ஊரை, நேர்நேரான தெருக்களுடன் கட்டம் போட்டு மீண்டும் கட்டினார்கள். பிற்காலத்தில் கட்டம் கட்டமாக நகரங்களுக்குத் திட்டம் போட்ட மனிதர், அப்படிப்பட்ட ஓர் ஊரில்தான் வளர்ந்தார்.

அப்பாவுக்குக் கடிகாரத்தின் முகப்புத் தட்டில் எனாமல் பூசும் வேலை. அம்மா பியானோ டீச்சர். அண்ணன் ஆல்பர்ட் வயலின் கலைஞர். குடும்பத்தில் இசை இருந்தது, கைவேலை இருந்தது. கட்டடத் தொழிலோடு மட்டும் யாருக்கும் சம்பந்தம் இல்லை.

ஆசை இல்லாதவர் இந்தத் துறைக்கு வந்தது எப்படி?

பதின்ம வயதில் உள்ளூர் கலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவர் கற்றது பாக்கெட் கடிகாரங்களின் உலோக உறையில் நுணுக்கமாகச் சித்திரம் செதுக்கும் வேலை. அப்பாவைப் போலவே கடிகாரத் தொழிலில் ஒரு வேலை, அதில் ஒரு நிலையான வருமானம். வீட்டின் எதிர்பார்ப்பும் அவ்வளவுதான்.

ஆனால், இரண்டு சிக்கல்கள். ஒன்று, அவருக்குக் கண் பார்வை பலவீனம். மணிக்கணக்கில் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துச் செதுக்கும் வேலைக்கு அந்தக் கண்கள் தாங்காது. இரண்டு, இயந்திரத்தில் செய்த மலிவான கடிகாரங்கள் வரத் தொடங்கிய பிறகு, கையால் செதுக்கிய உறைகளுக்கு மவுசு குறைந்துகொண்டே போனது.

அந்தப் பள்ளியில் ஷார்ல் லெப்லாத்தனியே என்ற ஆசிரியர் இருந்தார். மாணவர்களை வகுப்பறையில் உட்கார வைக்காமல் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப் போய், மரம், பாறை, இலை என்று வரையச் சொல்பவர். ஒரு பைன் மரம் எப்படிக் கிளை விடுகிறது என்பதைப் புரிந்துகொண்டு வரைய வேண்டும் என்பது அவர் பாடம்.

இந்த ஆசிரியர்தான், நீ ஓவியர் ஆக வேண்டாம், ஆர்கிடெக்ட் ஆகு என்று முடிவாகச் சொன்னவர். மாணவருக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. கட்டடம் என்றாலே பயமும் வெறுப்பும் இருந்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் குருவின் பேச்சை மீறவில்லை.

பேச்சோடு விடாமல், ஆசிரியர் வேலையும் வாங்கிக் கொடுத்தார். அதே ஊரில் லூயி ஃபாலே என்பவருக்கு ஒரு வீடு. அனுபவம் உள்ள உள்ளூர் ஆர்கிடெக்ட் ரெனே ஷப்பலாஸ் துணையோடு அந்த வீட்டை வடிவமைத்தபோது மாணவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. சுவரெங்கும் பைன் மர உருவங்கள் கொண்ட அழகான மலை வீடு அது. அந்தச் சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு, 1907-ல் அவர் இத்தாலிக்குக் கிளம்பினார்.

ஃபிளாரன்ஸ் அருகே என்ன நடந்தது?

இத்தாலிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் தேவாலயங்களையும் ஓவியங்களையும் அவரும் பார்த்தார், வரைந்தார். ஆனால், அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது சுற்றுலாப் பட்டியலில் முதலிடம் பிடிக்காத ஓர் இடம். ஃபிளாரன்ஸுக்கு தெற்கே, எமா என்ற சிற்றாற்றின் பக்கம், கலுட்சோ என்ற இடத்தில் குன்றின் மேல் இருக்கும் 14-ம் நூற்றாண்டு மடாலயம். கார்த்தூசியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடம் அது.

அப்படி என்னதான் இருந்தது அங்கே?

பெரும்பாலான நேரம் பேசாமல் மௌனமாக வாழ்பவர்கள் கார்த்தூசியன் துறவிகள். அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடியே கட்டடமும் இருக்கிறது. நடுவில் பெரிய முற்றம். முற்றத்தைச் சுற்றி தூண்கள் வைத்த நடைபாதை. அந்த நடைபாதையை ஒட்டி வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு துறவிக்கான தனி வீடு.

அதை வெறும் அறை என்று சொல்ல முடியாது. சில சிறிய அறைகள், சுவர் சூழ்ந்த ஒரு குட்டித் தோட்டம், பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார ஓர் இடம் எல்லாம் உண்டு. சாப்பாட்டை உள்ளே வைக்க கதவின் பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பு. கொண்டு வருபவரும் சாப்பிடுபவரும் முகம் பார்க்கத் தேவையில்லை. பிரார்த்தனைக்கு எல்லோரும் தேவாலயத்தில் கூடுவார்கள். ஞாயிறு போன்ற நாட்களில் சேர்ந்து சாப்பிடுவார்கள். மற்ற நேரம் தனிமை.

ஒரே கட்டடத்தில் ஒருவர் முழுசாகத் தனியாகவும் இருக்கலாம், தேவைப்படும்போது எல்லோருடனும் சேர்ந்தும் இருக்கலாம். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் கூட்டம், மூடினால் தனிமை, ஜன்னலுக்கு வெளியே இயற்கை.

இதைப் பார்த்த 19 வயது இளைஞர், வாழ்நாள் முழுக்க இங்கேயே தங்கிவிடத் தயார் என்ற தொனியில் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். தொழிலாளர்கள் குடியிருக்க இதுதான் சரியான தீர்வு என்றும் அவருக்குத் தோன்றியது. துறவிகளுக்குக் கிடைக்கும் இந்த வசதி சாதாரணக் குடும்பத்துக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

அதுவரை கட்டடம் என்றால் அவருக்குச் சுவர் அலங்காரம். இப்போது அது மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியாக மாறியது. ஆர்கிடெக்சர் மீதான ஆசை அங்கேதான் பிறந்தது. பிறகு கிட்டத்தட்ட 60 ஆண்டுகள் அந்த ஒரு கேள்வி அவரை விடவே இல்லை.

கல்லூரிக்குப் போகாமல் எப்படிக் கற்றுக்கொண்டார்?

இத்தாலியில் இருந்து புடாபெஸ்ட், வியன்னா வழியாகச் சென்று, 1908-ல் பாரீஸில் இறங்கினார். அங்கே ஓகஸ்த் பெரே என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கான்கிரீட்டை மறைத்து வைக்காமல் கட்டடத்தின் எலும்புக்கூடாக வெளிப்படையாகப் பயன்படுத்திய முன்னோடிகளில் பெரேவும் ஒருவர். அவரது அலுவலகம் இருந்ததே அவர் கட்டிய அப்படிப்பட்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில்தான். பாடமும் பாடப்புத்தகமும் ஒரே இடத்தில் இருந்தன.

அங்கே அரை நாள் வேலை. மிச்ச நேரம் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் கழிந்தது. முதல் சம்பளத்தில் அவர் வாங்கியது, பிரெஞ்சுக் கட்டடக்கலை பற்றி வியோலே லெ துக் எழுதிய பல தொகுதிகள் கொண்ட அகராதி.

1910-ல் ஜெர்மனி போனார். பெர்லின் அருகே பீட்டர் பெஹ்ரன்ஸ் அலுவலகத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தார். ஏ.இ.ஜி. என்ற மின்சாதன நிறுவனத்துக்குத் தொழிற்சாலை முதல் விளம்பரம் வரை வடிவமைத்துக் கொடுத்தவர் பெஹ்ரன்ஸ். பெரேவிடம் கான்கிரீட், பெஹ்ரன்ஸிடம் இயந்திர யுகம். இரண்டு அலுவலகங்களே அவருக்கு இரண்டு கல்லூரிகள் ஆகின.

மூன்றாவது கல்லூரி, ரயிலும் கப்பலும் நடையும்.

1911 பயணம்: பார்த்தினான் கற்றுக்கொடுத்தது என்ன?

1911-ல் பெஹ்ரன்ஸிடம் இருந்து விலகி, ஓகஸ்ட் கிளிப்ஸ்டைன் என்ற நண்பருடன் கிழக்கு நோக்கிக் கிளம்பினார். பிராக், வியன்னா, புடாபெஸ்ட், செர்பியா, ருமேனியா, பல்கேரியா என்று போய் இஸ்தான்புல் சேர்ந்தார்கள். கையில் நோட்டுப் புத்தகம், பென்சில், ஒரு கேமரா.

கிராமத்து மண்பானைகள், வெள்ளை அடித்த சுவர்கள், திராட்சைப் பந்தல் போட்ட முற்றங்கள் என்று வழியில் பார்த்தவற்றை எல்லாம் வரைந்தார். இஸ்தான்புல்லில் பல வாரங்கள் தங்கி, பெரிய மசூதிகளின் கனமான வடிவங்களையும் அவற்றைச் சுற்றி நெருக்கமாக நிற்கும் மரவீடுகளையும் கவனித்தார். பிறகு கிரேக்கத்தின் ஆதோஸ் மலைத் துறவி மடங்களில் சில காலம் தங்கினார். மறுபடியும் மடாலயங்கள்தான்.

அடுத்து ஏதென்ஸ். கி.மு. 5-ம் நூற்றாண்டில் பளிங்கில் கட்டப்பட்ட பார்த்தினான் கோவிலைப் பார்க்க வேண்டும் என்பது அவர் நீண்டநாள் ஏக்கம். ஆனால், ஊர் வந்து சேர்ந்ததும் மேலே ஓடவில்லை. பகல் முழுக்கக் காபி குடித்துக்கொண்டும் தெருக்களில் சுற்றிக்கொண்டும் நேரத்தைக் கடத்திவிட்டு, சூரியன் சாயும் நேரத்தில்தான் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறினார்.

பிறகு கிட்டத்தட்ட மூன்று வாரங்கள் தினமும் அங்கேதான். காலை வெளிச்சம், உச்சி வெயில், அந்தி என்று ஒவ்வொரு நேரத்திலும் அதே தூண்கள் வேறு மாதிரி தெரிந்தன. ஒரு கட்டடம் மலையோடும் கடலோடும் வெயிலோடும் எப்படிப் பேசுகிறது என்பதைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தார்.

ஊர் திரும்பும் வழியில் பாம்பேய், ரோம் எல்லாம் பார்த்துவிட்டு, இன்னொரு வேலையும் செய்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தன்னை மாற்றிய எமா மடாலயத்துக்கு மீண்டும் போனார். இந்த முறை ரசிகராக மட்டும் போகவில்லை. அறையின் அளவு, தோட்டத்தின் அமைப்பு, கதவின் இடம் என்று கணக்காகக் குறிப்பு எடுத்தார். பிடித்த கட்டடத்தை இரண்டாவது முறை போய் அளந்து பார்த்த அந்த இடத்தில்தான் அவர் உண்மையில் மாணவர் ஆனார்.

அப்பா அம்மாவுக்குக் கட்டிய வீடு என்ன ஆனது?

படித்தது எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், 1912-ல் சொந்த ஊரில் பெற்றோருக்கு ஒரு வீடு கட்டினார். பார்க்க வெள்ளை வெளேரென்று கம்பீரமான மாளிகை. ஆனால், கடிகாரத் தட்டுக்கு எனாமல் பூசுபவரின் வருமானத்துக்கு அந்த வீடு மிகப் பெரியது. செலவு கைமீறியது. பெற்றோரின் சேமிப்பு கரைந்தது. சில ஆண்டுகளிலேயே, 1919-ல், வீட்டை விற்க வேண்டியதாகிவிட்டது.

1923-24-ல் அவர் பெற்றோருக்கு இன்னொரு வீடு கட்டினார். இந்த முறை ஜெனீவா ஏரிக்கரையில், சுமார் 60 சதுர மீட்டரில், ஒரே தளத்தில் ஒரு குட்டி வீடு. ஏரியைப் பார்த்தபடி 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல். அம்மாவும் அப்பாவும் நடந்து புழங்கும் தூரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற அளவில் மட்டும் திட்டம் வரைந்தார். அதற்குப் பிறகுதான் பொருத்தமான மனையைத் தேடினார்.

அப்பா ஓராண்டு சொச்சமே அங்கே வாழ்ந்தார். அம்மா 1960-ல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். அந்தக் குட்டி வீடும் இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முதல் வீட்டில் அவர் தன் திறமையைப் பார்த்தார். இரண்டாவது வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களைப் பார்த்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெயரை மாற்றியது ஏன்?

1917-ல் நிரந்தரமாகப் பாரீஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஓவியர் ஒசான்ஃபானுடன் சேர்ந்து ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் கட்டுரை எழுத 1920-ல் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் லெ கார்பூசியே. தாய்வழி மூதாதை ஒருவரின் பெயரைக் கொஞ்சம் மாற்றி எடுத்தது. கடைசியில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1923-ல் அந்தக் கட்டுரைகள் புத்தகமாக வந்தன. அதில் கிரேக்கக் கோவில்களின் படங்களை ஒரு பக்கமும் மோட்டார் கார்களின் படங்களை இன்னொரு பக்கமும் அச்சிட்டார். கப்பல், விமானம், அமெரிக்காவின் பிரமாண்ட தானியக் கிடங்குகள் எல்லாம் அதில் இடம்பிடித்தன. தேவையில் இருந்து பிறந்த வடிவம்தான் அழகு என்பது அவர் வாதம். தானியக் கிடங்கைக் கட்டிய இன்ஜினீயர் அழகுக்காக எதையும் ஒட்டவில்லை. ஆனாலும் அது அழகாக இருக்கிறதே என்று கேட்டார்.

அதே காலத்தில் ஐந்து விதிகளையும் வகுத்தார். கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்துவது, மொட்டை மாடியில் தோட்டம், சுவர்களை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளும் உள்அமைப்பு, நீளமான ஜன்னல், பாரம் தாங்காத சுதந்திரமான முகப்பு. கீழே கார் நிறுத்தம், மேலே வீடுகள் என்று இன்று நம்மைச் சுற்றி நிற்கும் எத்தனையோ அபார்ட்மென்ட்களில் இந்த யோசனைகளின் எச்சத்தைப் பார்க்கலாம்.

1922-ல் அவர் போட்ட ஓர் அடுக்குமாடித் திட்டம் முக்கியமானது. ஒவ்வொரு ஃபிளாட்டும் இரண்டு தளம், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு தொங்கு தோட்டம். எமாவின் துறவி வீடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற யோசனை. அது கட்டப்படவில்லை. ஆனால், அவர் அதைக் கைவிடவும் இல்லை.

எங்கே சறுக்கினார்?

லெ கார்பூசியேவைக் கொண்டாடுபவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேர் அவரைத் திட்டுபவர்களும் இருக்கிறார்கள். காரணங்கள் இல்லாமல் இல்லை.

1925-ல் பாரீஸின் மையத்தில் பெரும் பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, 18 வானுயர கோபுரங்களை நிறுத்தும் திட்டத்தை முன்வைத்தார். நல்லவேளை, யாரும் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று மனிதர்களைக் கவனித்த அதே இளைஞர், இப்போது நகரத்தை விமானத்தில் இருந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். தெருவோரக் கடைக்காரரும் பக்கத்து வீட்டுத் திண்ணையும் அந்த உயரத்தில் இருந்து தெரியாது. அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லி உலகெங்கும் கட்டப்பட்ட பல உயிரற்ற குடியிருப்புகளுக்கான பழியும் இந்தச் சிந்தனை மீது விழுகிறது.

போர்தோ நகரம் அருகே பெசாக்கில் தொழிலாளர்களுக்காகச் சுமார் 50 வீடுகளைக் கட்டினார். குடிவந்தவர்கள் நீள ஜன்னலைச் சுருக்கினார்கள், தட்டையான கூரை மேல் சாய்வுக் கூரை போட்டார்கள், திறந்த இடங்களை அடைத்து அறை ஆக்கினார்கள். பாரீஸ் அருகே 1931-ல் முடித்த வில்லா சவாய் உலகப் புகழ் பெற்றது. ஆனால், வீட்டுக்காரம்மாவுக்கோ மழை பெய்தால் ஒழுகும் வீடு. புகார்க் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன.

இதைவிடப் பெரிய களங்கம் அரசியலில் இருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஹிட்லரோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசிடம் வேலை கேட்டு 1941, 42-ல் அலைந்தார். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அவரது தனிப்பட்ட கடிதங்களில் யூதர்களை இழிவாகச் சொன்ன இடங்கள் இருப்பதும் பின்னாளில் வெளியே வந்தது. அவர் மேதைமையைப் பேசும் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

1907-ல் பார்த்தது, 1952-ல் எழுந்தது எப்படி?

போருக்குப் பிறகு பிரான்ஸில் கடுமையான வீட்டுப் பஞ்சம். அப்போது மறுகட்டுமான அமைச்சராக இருந்த ரவூல் தோத்ரி, மார்சேய் நகரத்தில் ஒரு பெரிய குடியிருப்பைக் கட்டும் வேலையைக் கொடுத்தார். 1947-ல் தொடங்கி 1952-ல் முடிந்தது. மொத்தம் 337 ஃபிளாட்கள். சுமார் 1,600 பேர் வாழலாம்.

உள்ளே போனால் நடுவில் ஒரு தெரு போன்ற நடைபாதை. அதை ஒட்டிக் கதவுகள். பெரும்பாலான ஃபிளாட்கள் இரண்டு தளம் கொண்டவை. கட்டடத்தின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம்வரை நீள்வதால் ஒருபுறம் மலை, மறுபுறம் கடல். ஆளுக்கொரு பால்கனி. பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காதபடி சுவர்கள். கட்டடத்தின் நடுவில் கடைகள். மொட்டை மாடியில் குழந்தைகளுக்கான பள்ளியும் நீர்த்தொட்டியும் உடற்பயிற்சி இடமும்.

கதவைத் திறந்தால் கூட்டம், மூடினால் தனிமை, ஜன்னலுக்கு வெளியே இயற்கை. ஆமாம், அதே எமா மடாலயம்தான். 45 ஆண்டுகள் கழித்து, துறவிகளுக்குப் பதிலாகக் குடும்பங்களோடு எழுந்து நின்றது. உள்ளூர்வாசிகள் அதைப் பைத்தியக்காரன் வீடு என்று கிண்டல் செய்தார்கள். இன்று அங்கே தங்கிப் பார்க்கவே உலகம் முழுவதும் இருந்து மாணவர்கள் வருகிறார்கள்.

சிறிது காலத்தில் உண்மையான துறவிகளுக்கே கட்டிக்கொடுக்கும் வாய்ப்பும் வந்தது. லியோன் நகரத்துக்கு அருகே லா தூரெத் மடாலயம், 1960-ல் முடிந்தது. சுமார் 100 தனி அறைகள். ஒவ்வொன்றின் அகலமும் 1.83 மீட்டர்தான். இரு கைகளையும் விரித்தால் சுவர் தட்டும். ஆனால், அறையின் மறுமுனையில் ஒரு பால்கனி, அதற்கு வெளியே பள்ளத்தாக்கு.

சண்டிகர் இவர் கைக்கு வந்தது எப்படி?

1947 பிரிவினையில் பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரம் வேண்டும். பழைய ஊர் ஒன்றை நீட்டிப்பதைவிடப் புதிதாக ஒரு நகரத்தையே கட்டலாம் என்ற யோசனைக்குப் பிரதமர் நேரு முழு ஆதரவு தந்தார்.

முதலில் திட்டம் போட்டவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் மேயரும், போலந்தைச் சேர்ந்த மாத்யூ நோவிட்ஸ்கியும். 1950-ல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்துபோக, பணி பாதியில் நின்றது. பி.என்.தாப்பர், பி.எல்.வர்மா என்ற இரு அதிகாரிகள் மாற்று ஆள் தேடி ஐரோப்பா போனார்கள். அந்தத் தேடல்தான் பாரீஸில் லெ கார்பூசியேவின் அலுவலகக் கதவில் போய் முடிந்தது.

1951 பிப்ரவரியில் அவர் முதன்முறையாக இந்தியா வந்தார். அப்போது வயது 63. சிம்லா சாலையில் இருந்த ஒரு விடுதியில் உட்கார்ந்து, சில நாட்களிலேயே நகரத்தின் புதிய வரைபடத்தின் அடிப்படையை வகுத்துவிட்டார். 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் அளவில் செக்டார்கள். ஒவ்வொரு செக்டாருக்குள்ளும் கடை, பள்ளி, பூங்கா.

அவரது உறவுக்காரத் தம்பி பியர் ஜானரே, பிரிட்டனைச் சேர்ந்த மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகியோரும் இந்தியாவின் இளம் ஆர்கிடெக்ட்களும் வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகளை வடிவமைத்தார்கள். லெ கார்பூசியே ஆண்டுக்கு இரண்டு முறை வந்துபோனார். பியர் ஜானரேதான் 1965 வரை இங்கேயே தங்கி வேலையை நடத்தினார். இறந்த பிறகு அவரது அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், சட்டமன்றம் மூன்றும் லெ கார்பூசியேவின் நேரடிக் கைவண்ணம். இங்கேயும் அவர் பார்த்துப் பார்த்துத்தான் கற்றார். டெல்லியின் ஜந்தர் மந்தரை வரைந்தார். மாட்டு வண்டிகளை வரைந்தார். அகமதாபாத்தில் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைப் பார்த்தது, சட்டமன்றத்தின் மேல் எழும் வளைந்த கோபுர வடிவமாக வந்து நின்றது. உயர் நீதிமன்றத்தின் மேல், கட்டடத்துக்குக் குடை பிடித்தது போல இன்னொரு கூரை. வெயிலைத் தடுக்க முகப்பெங்கும் ஆழமான கான்கிரீட் சட்டங்கள்.

இந்தக் கான்கிரீட்டைத் தலையில் சட்டி சுமந்து, சாய்தளங்களில் ஏறிக் கொட்டியவர்கள் ஆணும் பெண்ணுமாகக் கூலித் தொழிலாளர்கள். நகரம் எழுந்த நிலத்தில் ஏற்கெனவே பல கிராமங்கள் இருந்தன. அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. அகலமான சாலைகளும் பசுமையும் உள்ள நகரம் என்று சண்டிகரைப் பாராட்டுபவர்கள் உண்டு. நடந்து போகிறவருக்குத் தூரம் அதிகம், தலைமைச் செயலக வளாகம் மக்களிடம் இருந்து விலகி நிற்கிறது என்று குறை சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே உண்மைதான்.

கடைசி நாட்கள்

உலகத்துக்கு அடுக்குமாடிகளும் தலைநகரமும் வடிவமைத்தவர், தனக்கென்று கட்டிக்கொண்டது எவ்வளவு பெரிய வீடு தெரியுமா? பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில், ரோக்ப்ரூன் என்ற இடத்தில் 1952-ல் அமைத்த ஒரு மரக் குடில். நீளம் 3.66 மீட்டர், அகலமும் 3.66 மீட்டர். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, கடலைப் பார்க்க ஒரு ஜன்னல். சமையலறை கிடையாது. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நண்பர் நடத்திய சின்ன உணவகம் இருந்தது. எமாவின் துறவி வீட்டில் வாழ்நாள் முழுக்கத் தங்கத் தயார் என்று எழுதிய இளைஞர், 60 வயதைத் தாண்டி அந்த ஆசையைத் தன் அளவில் நிறைவேற்றிக்கொண்டார்.

மனைவி இவோன் 1957-ல் இறந்தார். 1965 கோடையில், 1911 பயணத்தில் எழுதிய குறிப்புகளைப் புத்தகமாக அச்சிட மெய்ப்பு திருத்தினார் லெ கார்பூசியே. அடுத்த மாதம், ஆகஸ்ட் 27-ம் தேதி, குடிலுக்குக் கீழே கடலில் நீந்தப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. வயது 77. அந்தப் புத்தகம் அவர் இறந்த பிறகு, 1966-ல்தான் வெளிவந்தது.

பாரீஸில் லூவ்ர் அரண்மனை முற்றத்தில் அரசு மரியாதையுடன் அஞ்சலி நடந்தது. இந்தியாவின் சார்பில் கங்கை நீர் வந்தது. கிரேக்க ஆர்கிடெக்ட்கள் அக்ரோபோலிஸ் மண்ணை அனுப்பியிருந்தார்கள்.

இன்றைய மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பட்டம் இல்லாமலே ஆர்கிடெக்ட் ஆகிவிடலாம் என்பதல்ல. இன்று இந்தியாவில் ஆர்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ள, 5 ஆண்டு பி.ஆர்க் போன்ற அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் ஆர்கிடெக்சர் கவுன்சிலில் பதிவும் அவசியம். காலம் வேறு.

ஆனால், அவரிடம் இருந்த ஒரு பழக்கத்துக்குக் கட்டணம் கிடையாது. பிடித்த கட்டடத்தை செல்ஃபி எடுத்துவிட்டு நகராமல், உட்கார்ந்து வரைவது. இன்னொரு நேரத்தில் வந்து மீண்டும் பார்ப்பது. வாசல் ஏன் இங்கே இருக்கிறது, வெயில் எப்போது உள்ளே வருகிறது, இங்கே வாழ்பவர் எங்கே தனியாக இருப்பார், எங்கே மற்றவர்களோடு சேர்வார் என்று கேட்பது. இந்தக் கேள்விகளைக் கேட்டபோதெல்லாம் லெ கார்பூசியே ஜெயித்தார். கேட்க மறந்தபோதெல்லாம் தோற்றார்.

பாரீஸில் அவரிடம் 1950-களின் தொடக்கத்தில் வேலை கற்ற இந்திய இளைஞர் பாலகிருஷ்ண தோஷி, பிறகு அகமதாபாத் திரும்பி ஆர்கிடெக்சர் பள்ளியைத் தொடங்கினார். 2018-ல் இந்தத் துறையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதல் இந்தியரும் அவரே. எளிய மக்களுக்காக தோஷி வடிவமைத்த இந்தோர் ஆரண்யா குடியிருப்பில், குடிவருபவர்கள் தங்கள் வசதிக்கேற்ப வீட்டைப் பின்னால் கூட்டிக் கட்டிக்கொள்ள முதலிலேயே இடம் விடப்பட்டது. பெசாக்கில் குடியிருந்தவர்கள் கேட்காமலே செய்த மாற்றங்களுக்கு, இங்கே திட்டத்திலேயே அனுமதி இருந்தது.